நான் எழுதிய கடைசி அத்தியாயம்

என் கையெழுத்தைப் பற்றி எனக்கு அப்போது இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஏழாம் கிளாஸ் படிக்கும்போதே ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதியவள் நான். சிரிக்காதீர்கள், நிஜமாகவே எழுதினேன். அதுவும் ஒன்றரை மணி நேரத்தில், வாசலில் லாரி காத்துக்கொண்டு நிற்க.

எழுபதுகளில் நடந்தது இது. கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். அடுத்த வீடு மளிகைக்கடை ராவுத்தருடையது. அவர் மனைவியை நான் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன். என் அம்மா பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவள், தமிழ் மட்டும் படிப்பாள். சின்னம்மா பாலக்காட்டில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பொழுதுக்கும் தமிழ்தான் பேசுவாள், ஆனால் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. எங்கள் பக்கம் இதெல்லாம் சகஜம். சர்க்கார் உத்தியோகத்தை மனதில் வைத்து அப்பா என்னையும் மலையாளப் பள்ளியில்தான் சேர்த்திருந்தார். ஆகவே நானும் சின்னம்மா கட்சி.

சனிக்கிழமை மத்தியானம் பொள்ளாச்சி பஸ்ஸில் வாரப்பத்திரிகை வரும். கண்டக்டர் டீக்கடையில் போட்டுவிட்டுப் போவார். நான் ஓடிப்போய் வாங்கி வருவேன். அதில் இரண்டு சிநேகிதிகளின் கதை தொடராக வந்துகொண்டிருந்தது. கமலா, ராஜி. ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். ஒருத்தி அடுப்பில் வைத்ததை மற்றவள் இறக்குவாள். ஒருத்தி பிள்ளைக்கு மற்றவள் தலைவாரி விடுவாள். கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து வாசிப்பாள், அந்தப் பக்கம் சின்னம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். முறம் சும்மாவேதான் இருக்கும், அரிசியில் இருக்கிற கல் எல்லாம் ராத்திரி ராவுத்தர் பல்லில்தான் அகப்படும். கதையில் வரும் மாமியாரை இரண்டு பேரும் சேர்ந்து திட்டுகிற திட்டைக் கேட்டால், யாரோ எங்கள் ஊர்ப் பொம்பளை என்றே நினைக்கத் தோன்றும்.

வாசித்து முடித்ததும் அம்மா கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வரிசையாக அடுக்கி, கோணூசியால் தைத்து வைப்பாள். கதை முடிந்ததும் பைண்டு போட்டு, ஆறு மாசம் இந்த ஊட்டில், ஆறு மாசம் அந்த ஊட்டில் என்பது ஏற்பாடு.

அதற்குள் ராவுத்தருக்கு ஏலக்காய் ஆசை வந்துவிட்டது. கடையை மூடிவிட்டு, எங்கேயோ மலைமேல் கம்பம்மெட்டில் போய் ஏலக்காய் வியாபாரம் என்று கிளம்பிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், கதையிலும் அப்போதுதான் ராஜியின் புருஷனுக்கு மாற்றல் வந்திருந்தது. பாக்கி ஒரே அத்தியாயம். குடும்பத்தோடு புறப்பட்ட அன்றைக்கு அம்மாவும் சின்னம்மாவும் அழவில்லை, ராஜி போவாளா மாட்டாளா என்று சண்டைதான் போட்டார்கள். கடைசியில் சின்னம்மா என் தலையைத் தொட்டு, "இவ கையால எழுதி அனுப்புங்கக்கா. முடிவு தெரியாம எனக்கு அங்க இருப்புக் கொள்ளாது" என்றாள். என் கால் அன்றைக்கு முழுக்கத் தரையில் படவில்லை.

அடுத்த சனிக்கிழமை, மிச்சம் இருந்த மூட்டை முடிச்சுகளை ஏற்ற ராவுத்தர் லாரியோடு வந்தார். நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும், இருட்டுவதற்குள் பாதி தூரமாவது போகணும் என்று அவசரப்பட்டார். அன்றைக்குப் பார்த்து பஸ் தாமதம். ரெண்டரைக்குத்தான் வந்தது. பறித்துக்கொண்டு ஓடி வந்தேன், வழியில் செருப்பு அறுந்து போனதைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

அம்மா தமிழில் வாசிக்க வேண்டும், நான் அதே தமிழை மலையாள எழுத்தில் எழுத வேண்டும். சின்னம்மா எழுத்துக் கூட்டினால் காதில் தமிழாக விழும். நோட்டைப் பிரித்து, பேனாவை உதறித் தயாராக உட்கார்ந்துவிட்டேன். அம்மாவோ என்றைக்கும் இல்லாத வழக்கமாக முதலில் மனசுக்குள்ளேயே படித்தாள். படிக்கப் படிக்க முகம் வாடியது. மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்று அப்பா கேட்டார், அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. லாரிக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டார்.

பிறகு பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். நானும் எழுதினேன். அப்பப்பா, என்ன வேகம்! கமலா ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள். ராஜி ரயிலிலிருந்து இறங்கிவிடுகிறாள். புருஷன் வாரம் ஒரு தரம் வந்து போகட்டும், நான் இந்தத் தெருவை விட்டு வரமாட்டேன் என்கிறாள். எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. ஆனால் அம்மா பக்கத்தைத் திருப்பவே இல்லை, பார்வை கொல்லைச் சுவர்மேல் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். படத்தில் பிளாட்பாரத்தில் ஒருத்தி மட்டும் நின்றாள்.

"ஏம்மா, படத்துல ஒருத்திதானே நிக்கறா?"

"படம் போடறவருக்கு முழுக் கதெயும் படிக்க நேரமிருக்காது கண்ணு. நீ எழுது" என்றாள் அம்மா.

அது எனக்கு நியாயமாகவே பட்டது. ஐந்து தாள், பின்னும் முன்னும். மை காயாத கடைசித் தாளை ஊதிக்கொண்டே ஓடி, நகர ஆரம்பித்த லாரியில் ராவுத்தர் கையில் திணித்தேன்.

பைண்டு போட்ட அந்தப் புத்தகம் இன்று என்னிடம்தான் இருக்கிறது. நான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தது கல்யாணமாகி கோயமுத்தூர் வந்த பிறகு. அச்சில் ராஜி ரயில் ஏறிப் போய்விடுகிறாள். முதலில் வாரம் ஒரு கடிதம், பிறகு மாதம் ஒன்று, பிறகு அதுவும் இல்லை. பல வருஷம் கழித்து எதிரே பார்க்கும்போது இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தில் மட்டும் அம்மாவின் கை வியர்வை பட்டு எழுத்து கலங்கியிருக்கிறது.

லாரி போய் மூன்று வாரம் கழித்து கம்பம்மெட்டிலிருந்து கடிதம் வந்தது. மலையாள எழுத்து, ஆகவே அம்மாவுக்கு நான்தான் படிக்க வேண்டும். சௌகரியம் விசாரித்துவிட்டு, குளிரைத் திட்டிவிட்டு, சின்னம்மா எழுதியிருந்தாள்: "இங்க பக்கத்து ஊட்ல கம்பத்துக்காரி ஒருத்தி அதே புஸ்தகம் வாங்கறா. கடைசி அத்தியாயத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினா. அவ வாசிக்கறது எல்லாம் தப்புங்கக்கா. நீங்க அனுப்பினதுதான் சரி."

எனக்கு ஒரே ஆவேசம். அந்தக் கம்பத்துக்காரிக்குப் படிப்பே வராது போலிருக்கிறது, ஒழுங்காக எழுதி அனுப்பியது நாம்தானே என்று குதித்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அந்த இடத்தை மறுபடி படி என்றாள், அதன் பிறகும் மறுபடி என்றாள். எல்லாம் என் கையெழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் தரம் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன்.