பட்டினி போட்டால் வரும் பிசாசு

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் லீமாவுக்கு வாய் ஓய்ந்த நேரமே கிடையாது. அந்த லீமா ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. கைகால் தளர்ந்தது, பேச்சு பிதற்றலானது. பிசாசேதான் என்று சபை முடிவு கட்டி, பாஸ்டர் ஞானதாசன் தலைமையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தது. நோயாளிக்கும் பச்சைத் தண்ணீர்தான். பிசாசுக்கு ஒரே கொண்டாட்டம். மூன்றாம் நாள் லீமா பாஸ்டரைப் பார்த்து, “நீரு ஆரு வே?” என்றாள்.

நல்லகாலம், அதன்பிறகு கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஜன்னலோரம் இருந்த மூத்திரப் புட்டியைக் கவனித்தாள். வெயில் பட்டு, பால் விடாத கட்டன்காப்பி நிறமாகியிருந்தது. போர்பிரியா என்றாள். பரம்பரை நோய். ஈரலில் ஒரு கோளாறு. அங்கே தேங்கும் சரக்கு நரம்பைத் தாக்கும், பட்டினி கிடந்தால் பொங்கும். பசி வந்தால் பத்தும் பறக்குமாம். லீமாவுக்கு நரம்பும் சேர்ந்து கழன்றுவிடும். குளுக்கோஸ் ஏற ஏற ஆள் தெளிந்தாள். பிசாசை விரட்டியதாகச் சபையில் சொன்ன சாட்சியில் ஞானதாசன் குளுக்கோஸை மட்டும் மறந்துவிட்டார்.

“மகளுக்கும் இந்த நோய் இருக்கான்னு சோதிக்கணும்” என்றாள் டாக்டரம்மா. கணவன் ஸ்டெனி ஒரே பிடியாக மறுத்தான்: “தீனம் உண்டுன்னு தெரிஞ்சா பிள்ளைய ஆரு கெட்டுவா?” லீமாவும் சும்மா இருந்துவிட்டாள்.

இப்போது மகள் பெபிஷாவுக்கு மார்த்தாண்டத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நர்சிங் பரீட்சைக்காக அவள் சபையில் உபவாசம் உட்கார்ந்தாள். வேண்டாமென்று லீமா கத்தியும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள் என்று சேதி வந்ததும், லீமா ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு ஜெபத்துக்கு நடுவே நுழைந்தாள், பின்னாலேயே ஸ்டெனியும். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா.

“சகோதரி, உபவாச வேளை...” என்றார் ஞானதாசன்.

“நீரு ஒருக்க பிசாச வெரட்டினது போரும் பாஸ்டரே. எனக்குள்ள தீனம் இவளுக்கும் காணும். பட்டினி கெடந்தா செத்துப்போவா.”

மாப்பிள்ளையின் அம்மா பைபிளை மூடிப் பைக்குள் வைத்தாள். சம்பந்தம் போனால் போகட்டும், மகள் இருந்தால் போதும் என்று லீமா பழத்தை உரித்து நீட்டினாள்.

“மானத்த வாங்காதம்மா” என்று மகள் சீறுவாள் என எதிர்பார்த்தாள். பெபிஷா பழத்தை வாங்கி அவசரமாகத் தின்றாள்.

“அம்மா, போன மாசமும் மூத்திரம் கட்டன்காப்பி மாதிரிதான் போச்சு. கல்யாணம் முடங்குமேன்னு சொல்லல்ல.”

லீமா இரண்டாவது பழத்தை உரித்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஸ்டெனி வெளியே ஓடினான்.