வாளியோடு கைதான டைப்பிஸ்ட் அக்கா

வக்கீல் ஆபீசில் பதினோரு வருஷம் டைப் அடித்தவள் என்பதால் அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே டைப்பிஸ்ட் அக்கா. மூன்று மாடிப் பழைய கட்டடம். அதில் ஒன்றாகக் குடியிருந்த ஒன்பது பேரில் ஒருத்தர்கூட சாமியார் இல்லை, கன்னியாஸ்திரீயும் இல்லை. ஒரு தச்சர், ஒரு நர்ஸ், ரிட்டையரான கணக்கு வாத்தியார் என்று கலவையான கூட்டம். காலையில் ஜெபம், மத்தியானம் தெருவிலிருந்து வருகிற எண்பது பேருக்குச் சாப்பாடு. எங்கேயாவது அநியாயம் நடந்தால் அங்கே போய் நிற்பார்கள்.

அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு கட்டில். சர்ச்சில் சாயங்காலப் பூசை முடிந்து வரும்போது ஒரு குடும்பத்தின் சாமானெல்லாம் நடைபாதையில் கிடந்தது. கதவில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். போன மாதம் அவளே அடித்தது. காகிதத்தில் வெறும் கதவு நம்பராக இருந்த வீட்டில் இரண்டு குழந்தைகளும் ஒரு தொட்டிலும் இருந்திருக்கின்றன. தச்சர் ஒற்றை ஆளாகக் கட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சும்மா நிக்கிற நேரத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்கம்மா," என்றார்.

பிடித்தாள். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டுத் தச்சர் இருந்த மூன்று மாடி வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள்.

அவளுடைய அண்ணன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் மாஸ்டர். வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "கோயிலுக்குப் போ, யாரு வேணாம்னா? அதுக்காக வேலைய விட்டுட்டா போவாங்க?" என்றார். அன்றைக்கு நின்ற பேச்சு, நாலு வருஷமாகியும் திரும்பவில்லை.

அண்ணனின் கைப்பக்குவத்தில் கடுகளவும் தங்கைக்கு வரவில்லை. அவள் வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்கும் என்பார் வாத்தியார். அதனால் உருளைக்கிழங்கு தோல் சீவுகிற வேலை நிரந்தரமாக அவள் தலையில் விழுந்தது.

பக்கத்துச் சந்தில் ஆறு குடும்பங்கள் இருந்த கட்டடத்தை உரிமையாளர் விற்றுவிட்டார். குடியிருந்தவர்கள் போட்ட வழக்கு திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வருகிறது. அதற்குள் அவர்களைக் கிளப்பிவிடப் பார்த்தார் உரிமையாளர். வெள்ளிக்கிழமை காலையில் நர்ஸைத் தவிர எட்டுப் பேரும் போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு நிற்கக் கூடாதே என்று டைப்பிஸ்ட் அக்கா கிழங்கு வாளியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். போலீஸ் வண்டி வந்து நின்ற பிறகும் அவள் கை பாட்டுக்குச் சீவிக்கொண்டிருந்தது.

"வாளிய வச்சிட்டு எந்திரிம்மா," என்றாள் பெண் போலீஸ்.

"வச்சிட்டு வந்தா யாரு சீவுறது? எண்பது பேர் வருவாங்களே."

பெண் போலீஸ் வாளியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தாள்.

ஸ்டேஷனில் சீவுகிற கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். பாதி தோலோடு கிழங்கு காலடியில் கிடக்க, அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்தரை மணிக்கு அண்ணன் வந்து நின்றார். ஜாமீன் கையெழுத்துக்காக நர்ஸ் போன் செய்திருக்கிறாள். டைப்பிஸ்ட் அக்கா வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வா, போலாம்," என்றார்.

"மத்தவங்க பேப்பர் முடியட்டும்ணா. சேர்ந்துதான் வருவேன்."

அவர் முகம் சிவந்தது. திட்டுவார் என்று பார்த்தால், பார்வை வாளிக்குப் போனது. "இத எத்தன மணிக்கு அடுப்புல ஏத்தணும்?"

"பதினொண்ணு."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு மணிக்கு எட்டுப் பேரும் வீடு திரும்பினார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அண்ணன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்று பேர் சாப்பிட்டார்களாம். இரண்டாம் தடவை வாங்காத ஆளே இல்லையாம். அதை நர்ஸ் சொன்னபோது வாத்தியார் டைப்பிஸ்ட் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். "ரொம்பப் பயந்துட்டேண்ணா."

"எனக்கு மட்டும் என்னவாம்? போலீஸ்னு கேட்டதும் குழம்பு தீயுறதுகூடத் தெரியாம ஓடி வந்தேன்," என்றவர், "இந்த அடுப்புல எப்படித்தான் சமைக்கிறீங்க? பர்னர் பூரா அடைப்பு," என்று பேச்சை மாற்றினார்.

திங்கட்கிழமை கோர்ட் ஆறு மாத அவகாசம் கொடுத்தது. அதற்குள் நாலு குடும்பங்களுக்கு வேறு வீடு அமைந்தது. மற்ற இரண்டும் இவர்கள் வீட்டு மூன்றாம் மாடிக்கு வந்து சேர, வாத்தியார் தன் அறையைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு ஹாலில் படுத்துக்கொண்டார். அண்ணன் லீவு நாளில் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வந்தார்.