மேடையில் ‘நான்’ என்று சொன்னவர்

1993 பிப்ரவரியில் திண்டிவனத்தில் நடந்த மூன்று நாள் நற்செய்திக் கூட்டத்துக்கு மொழிபெயர்க்க வரவேண்டியவருக்கு அம்மை போட்டுவிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாம்ப்டன் ஐயா மேடையில் உட்கார்ந்தாகிவிட்டது. பந்தல் நிறைய ஜனம். கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் கண்ணை ஓட்டி, கோலியனூரில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த சவுரிராயனைக் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்கள். அப்போது அவருக்கு முப்பத்தோரு வயது. பிறப்பால் கத்தோலிக்கர். பரிமளாவைக் கட்டிக்கொள்வதற்காக அவளுடைய சபைக்கு மாறி வந்தவர். வந்த இடத்தில் எதற்கும் மாட்டேன் என்று சொல்லக் கூசுபவர்.

ஹாம்ப்டன் எடுத்த எடுப்பிலேயே, உறைந்த ஏரியின் மேல் நடந்துபோன ஒருவனின் காலடியில் பனிக்கட்டி விரிசல் விட்டதைச் சொன்னார். உறைந்த ஏரிக்கு சவுரிராயன் எங்கே போவார்? திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெண்ணையாற்றில் வெள்ளம் வடிந்த மறுநாள், மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருக்கும் மணலில் அந்த ஆளை நடக்கவிட்டார். பந்தல் முழுக்க ‘உச்’ கொட்டியது. தன் பனிக்கட்டி இவ்வளவு வேலை செய்யும் என்று எதிர்பார்க்காத ஹாம்ப்டன், இறங்கும்போது அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் எந்த வெளிநாட்டுக்காரர் பேச வந்தாலும் பக்கத்தில் சவுரிராயன் சார் நின்றார். பேசுகிறவர் ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்பார். அதுதான் முறை. அந்த முறைப்படி அவர் மேடையில் கென்டக்கியில் பிறந்தார், வியட்நாமில் சண்டை போட்டார், குடித்துத் திருந்தினார். ஹாம்ப்டனுக்காக ‘என் அன்பு மனைவி சூசன்’ என்று பரிமளாவின் காதுபடவே உருகினார். “சூசன் சோறாக்கி வெச்சிருப்பா, அங்கயே போய் சாப்புடுங்க” என்று அவள் சொன்னதை உறவுக்காரர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். மேடையில் அத்தனை பேசும் மனிதர் வீட்டில் தன் சொந்தக் கருத்தாக ஒரு நாலு வார்த்தை பேசுவதில்லை என்பது அவளுடைய நிஜமான குறை.

2009 ஜூலையில், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அக்டோபரில் ஹாம்ப்டன் மறுபடி திண்டிவனம் வந்தார். அவருடைய நாட்டில் சில மாநிலங்கள் அப்படிப்பட்ட கல்யாணத்தையே சட்டமாக்கிவிட்டன, அந்த வெள்ளம் இந்தியாவின் வாசலுக்கும் வந்துவிட்டது என்று பேசப் போவதாகச் சொன்னார். கூடவே லிண்டா என்ற பெண்மணி வந்திருந்தார். சூசன் எங்கே என்று கேட்டதற்கு, விவாகரத்தாகி ஆறு வருஷம் ஆகிறது என்று ஹாம்ப்டன் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அன்று மாலை ஹாம்ப்டன் ஆதியாகமத்தில் தொடங்கினார். கடவுள் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம் இதைத் தெளிவாகக் கண்டிக்கிறது. ஒருவனுக்கு ஒருத்தி, சாகும்வரை. இதைத் தொட்டால் குடும்பம் என்பதே சிதறிப்போகும். எல்லாவற்றையும் சவுரிராயன் கணீரென்று தமிழில் சொன்னார். ‘என் மனைவி லிண்டா’ என்ற இடம் வந்தபோது மட்டும் ‘எங்க வீட்டம்மா’ என்று பெயரில்லாமல் தாண்டிப் போனார். விருந்தாளியின் மானம் தன் நாக்கில் இருக்கிறது என்று நினைத்தார்.

கூட்டம் முடிந்ததும் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்திருந்த வெள்ளையம்மாள் என்ற பெண் அவரிடம் வந்து நின்றாள். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள், நாலாவது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவள்.

“சார், நீங்க சொன்னீங்களே, பொண்ணும் பொண்ணும் கட்டிக்கினா அங்க யாரு யாருக்கு சீர் செய்யணும்?”

அந்த நாட்டில் சீர்வரிசையே கிடையாது என்றார் சவுரிராயன்.

வெள்ளையம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அப்ப நம்ம ஊர் கல்யாணத்துக்கு அது தேவலாம்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ‘அவர் சொன்னாரே’ என்று இல்லாமல் ‘நீங்க சொன்னீங்களே’ என்று அவள் கேட்டதை சவுரிராயன் அன்று கவனிக்கவில்லை.

2012 ஆகஸ்டில் விழுப்புரத்தில் போதகர்களுக்கு ஒருநாள் கருத்தரங்கு நடந்தது. நடத்தியவர் பாஸ்டர் செல்வகுமார். வட்டாரத்தில் மதிப்புள்ள மனிதர், கண்டிப்பானவர், தன் சபையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சைக்கிளில் போய் நிற்பவர். குடும்ப ஊழியம் என்ற தலைப்பில் பேச, கனடாவிலிருந்து மார்கரெட் என்ற பேராசிரியையை அழைத்திருந்தார். படிப்பையும் பட்டங்களையும் விசாரித்த கமிட்டிக்கு மற்றதை விசாரிக்கத் தோன்றவில்லை.

காலையில் டீ குடிக்கும்போது அந்த அம்மா தன் உரையை சவுரிராயனிடம் கொடுத்தார். தானும் ஒரு பெண்ணும் எட்டு வருஷத்துக்கு முன் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்றும், அதை இன்று சொல்லப் போவதாகவும் சொன்னார். சிரமமாக இருக்குமா என்று கேட்டார். சிரமமில்லை என்றார், மாட்டேன் என்று சொல்லத் தெரியாத சவுரிராயன். போன மாதம் வேறொரு ஊரில் தான் ‘மனைவி’ என்று சொன்னதை மொழிபெயர்த்தவர் ‘தங்கை’ ஆக்கிவிட்டார் என்று அந்த அம்மா சிரித்தபடி சொன்னார். அந்த ஊர் ஜனங்கள் மிகவும் பிரியமாக இருந்தார்களாம். தங்கைக்கென்று ஒரு புடவைகூடக் கொடுத்தனுப்பினார்களாம். தனக்கு விஷயம் தெரிந்தபிறகு அந்தப் புடவையைப் பார்க்கவே முடியவில்லை என்றார். இதைச் சொல்லும்போது சிரிப்பு நின்றிருந்தது.

மேடையில் அந்த இடம் வந்தது. ‘துணைவர்’ என்று ஒரு வார்த்தை தயாராக நாக்கு நுனியில் நின்றது. ஆணா பெண்ணா என்று காட்டாத நல்ல வார்த்தை. யாருக்கும் சேதமில்லை. அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். ஐம்பது வயது சவுரிராயன், பெரிய மீசையோடு, அறுபது போதகர்கள் முன்னால் சொன்னார்: “நான் ஒரு பெண்ணை மணந்து வாழ்கிறவள்.”

அதன்பின் அந்த அம்மா, விவாகரத்தைப் பற்றி இயேசு வாய்திறந்து கண்டித்திருக்கிறார், இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நாமோ முதலாவதை மன்னித்துவிட்டு இரண்டாவதற்கு மாநாடு போடுகிறோம் என்றார். சவுரிராயனுக்கு லிண்டாவின் ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

யாரும் கத்தவில்லை. பேராசிரியைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிரியாணியில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தார்கள். காரில் ஏற்றி, கார் முனை திரும்பும்வரை கையாட்டினார்கள். பிறகு எல்லாரும் சவுரிராயன் பக்கம் திரும்பினார்கள்.

“அவங்க வெளிநாட்டுக்காரங்க. நம்ம நெலமை அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேணாமா சார்?” என்றார் செல்வகுமார்.

“அவங்க சொன்னதத்தான் பாஸ்டர் சொன்னேன்.”

“அதத்தான் நானும் கேக்கறேன். எதுக்கு சொன்னீங்க?”

மறுவருஷம் திண்டிவனம் கூட்டத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். வாத்தியார் சவுரிராயன் அந்த மாதிரிக் கல்யாணத்துக்கு ஆதரவானவர் என்று ஊரில் பேச்சு நிலைத்தது. ஹாம்ப்டன் வாயாக நின்று அதை எதிர்த்து முழங்கியவரும் அவர்தான் என்பது யாருக்கும் நினைவில்லை. “உண்மையில நீங்க எந்தப் பக்கம்?” என்று பரிமளா ஒருநாள் கேட்டாள். இரண்டு பக்கமும் அவர் வாயால்தான் பேசப்பட்டிருந்தது. தனக்கென்று ஒன்றைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. தெரியவில்லை என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் சொந்தமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்றாள் அவள்.

2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் செல்வகுமார் அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள் ஜெமிமா லீவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை செல்வகுமார் சவுரிராயன் வீட்டுக்கு வந்தார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வருகிறார். பரிமளா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ஜெமிமா எழுதியது, இங்கிலீஷில். தமிழில் இதை எழுத வார்த்தை வரவில்லை என்று அவளே முதல் வரியில் சொல்லியிருந்தாள்.

“உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே பாஸ்டர்” என்றார் சவுரிராயன்.

“நாலு வாட்டி படிச்சேன் சார். எனக்குப் புரிஞ்சது தப்பா இருக்கணும்னுதான் உங்ககிட்ட வந்துருக்கேன்.” கடிதத்தை நீட்டி, “எதையும் உட்டுடாம சொல்லுங்க. இருக்கறத இருக்கறபடி” என்றார்.

சவுரிராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ‘அப்பா’ என்று தொடங்கினார். நான் ஒரு பெண்ணோடு மூன்று வருஷமாக வாழ்கிறேன், அவள் பெயர் தீபா, கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கோயிலில் நீங்கள் பேசியதில் பாதி என்னைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியாது, உங்களை நான் குறை சொல்லவில்லை, தெரியாமல் பேசினீர்கள், இனிமேல் தெரிந்து பேசுங்கள். மொத்தம் இரண்டு பக்கம். முடிக்கும்போது செல்வகுமார் இவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எனக்குப் புரிஞ்சது சரிதான்” என்றார்.

பிறகு, பதில் எழுதவேண்டும், நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் இங்கிலீஷில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவள் மொழியிலேயே போகட்டும் என்றார். முதலில் ஆதியாகமத்தைச் சொன்னார். பிறகு ரோமரைச் சொன்னார். அத்தனையையும் சவுரிராயன் ஒழுங்காக எழுதிக்கொண்டார். கல்யாணம் பற்றிய தன் நம்பிக்கை மாறவில்லை, மாறாது என்று சொன்னார். அதையும் எழுதினார். அப்புறம் செல்வகுமார் மகளின் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். வயிற்றுவலிக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்கச் சொன்னார். கடைசியில், “ஈஸ்டருக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

சவுரிராயன் பேனாவை நிறுத்தினார். “வரச் சொல்லணும்னா, ‘வா’ன்னா, ‘ரெண்டு பேரும் வாங்க’ன்னா?”

செல்வகுமார் யோசித்தார். “இங்கிலீஷ்ல அது எப்படி வரும்?”

“இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் பாஸ்டர். படிக்கறவங்க எப்படி எடுத்துக்கறாங்களோ அப்படி.”

“அப்ப அப்படியே எழுதிடுங்க” என்றார் செல்வகுமார். கையெழுத்தை மட்டும் தமிழில் போட்டார்.

ஏப்ரலில் ஈஸ்டருக்கு இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். செல்வகுமார் முதல்நாளே சவுரிராயனையும் பரிமளாவையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பெங்களூர்ப் பெண்ணுக்குத் தமிழ் வராவிட்டால் பேஜாராகிவிடும், நீங்கள் பக்கத்தில் இருங்கள் என்றார். தீபா கோவில்பட்டிக்காரியாக இருந்தாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் மட்டன் குழம்பில் தேங்காய் அரைத்துவிட்டதா என்று செல்வகுமாரின் மனைவியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். செல்வகுமார் அவளிடம் அதிகம் பேசவில்லை. ஜெபம் செய்தபோது ‘இந்தப் பிள்ளைகள்’ என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். சவுரிராயனுக்கு அன்று ஒரு வேலையும் இல்லை. சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்று தானாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.