சுண்ணாம்பு அடித்த புதன்கிழமை

எங்கள் அடுப்படிச் சுவரில் அப்பிக் கிடந்த கரியையும் ஒருவர் மெச்சுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். டவுனில் பழைய பொருள்களைச் சேர்த்து வைத்திருந்த சின்ன நூதனசாலைக்காரர்கள், முதன்முதலில் மலைக்கு வந்து குடியேறியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட, தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு பழைய ஒற்றையறைக் காம்பராவை அப்படியே காட்சிக்கு எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. எங்கள் லயத்தில் பழைய சுவரும் அடுப்பும் மாறாத காம்பராக்கள் இரண்டுதான். ஒன்றில் நாங்கள். கடைசிக் காம்பராவில் பெரியம்மா.

பார்க்க வந்த நூதனசாலை சேர் யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். எங்கள் சுவரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பிள்ளை, இந்தக் கரியை ஒருத்தரும் தொடாமப் பாத்துக்கொள்ள வேணும். இதுதான் சரித்திரம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள்தான் சரித்திரம் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

கூட வந்த, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அம்மாவிடம் வேறு விஷயம் பேசினார். "ரெண்டே மாசம். பழைய பிள்ளை மடுவத்துல இருந்துக்க. அப்புறம் புது வீடு." கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போக அந்தக் காலத்தில் கட்டிய மடுவம் அது. பூட்டி வருஷக்கணக்காயிற்று; மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். தம்பிக்கோ பிறந்ததிலிருந்து மூச்சு இழுப்பு. அம்மா "சரிங்கய்யா" என்றாள். புதன்கிழமை வந்து முடிவு செய்வதாகச் சொல்லிப் போனார்கள்.

புதன்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போய், தீபாவளிக்கு வெளிச்சுவருக்கு மட்டும் அடித்து மிஞ்சிய அரைச் சாக்குச் சுண்ணாம்பைக் கேட்டாள்.

"இப்ப எதுக்குடி?"

"கரப்பான் தொல்ல தாங்க முடியலக்கா."

பெரியம்மா சாக்கோடு அடிக்கும் மட்டையையும் சேர்த்துக் கொடுத்தாள்.

வந்ததும் அம்மா கத்தியை எடுத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள். கரி பாளம் பாளமாக விழுந்தது. நான் பதறிப்போய்க் குறுக்கே நின்றேன். "சேர் தொடக் கூடாதுன்னாரும்மா!" பளாரென்று ஓர் அறை. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை. முகமெல்லாம் கரியாக, நொடிக்கொரு தரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருந்தாள். முதல் பூச்சு சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. இரண்டாவது பூச்சு மூலையை எட்டியபோது ஜீப் சத்தம் கேட்டது.

சேர் சுவரைத் தொட்டார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"யாரக் கேட்டு அடிச்ச?" என்று கண்டாக்கு ஐயா கத்தினார்.

"கரப்பான் தொல்லைங்கய்யா."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சேர்! நான் வேணாம்னு தடுத்தேன். அதுக்கு என்னைய அடிச்சாங்க!"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சேர் என் கன்னத்தைப் பார்த்தார். தூளியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த தம்பியைப் பார்த்தார். அம்மாவை நன்றாகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ, "விடுங்கோ, இது இனிச் சரிவராது. மற்றதைப் பாப்பம்" என்று கடைசிக் காம்பராவை நோக்கி நடந்தார். அம்மா ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்காத வருத்தம் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன்.

பெரியம்மாவின் காம்பராவுக்கு முன்னால் கயிறு கட்டிப் பலகை வைத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அடுத்த தீபாவளிக்கும் பெரியம்மா பிள்ளை மடுவத்தில்தான் இருந்தாள்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா முழுச் சாக்குச் சுண்ணாம்பு வாங்கி, தலையில் சுமந்துகொண்டு மடுவத்துக்குப் போனாள். எங்கள் வீட்டுக்கு ஒரு கை கூட எடுக்கவில்லை. "போதும்டி, கை வலிக்கப் போகுது" என்று பெரியம்மா சொல்லச் சொல்ல, நாலு சுவரையும் தனியாளாக மூன்று தரம் அடித்தாள்.

அக்கா மேல் அம்மாவுக்கு எவ்வளவு பாசம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.