என் இரைப்பையும் ஒரு சஹன் சோறும்

வாய் வழியாகக் கமராக் குழாயை விட்டு என் இரைப்பையைப் பார்த்த அன்று, சோதனைக்காக உள்ளே ஐந்து முறை கிள்ளியதை எண்ணினேன். தொண்டை மட்டும்தான் மரத்திருந்தது. புத்தி மரக்கவில்லை. அறிக்கை வந்தபோது அதில் நான்கு துண்டுகள் என்றிருந்தது. ஐந்தாவதில்தான் விஷயம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. எனக்கு மூத்த ஒரே சகோதரரை, காக்காவை, அதற்கு முந்தைய வருடம்தான் இரைப்பைப் புற்றுநோயில் அடக்கம் செய்திருந்தோம். எங்கள் தகப்பனார், வாப்பா, போனதும் ஏதோவொரு வயிற்று நோயில்தான். அந்தக் காலத்தில் வயிற்று வருத்தம் என்பதற்கு மேல் யாரும் பெயர் கேட்கவில்லை. வரிசைப்படி பார்த்தால் மூன்றாவது நான். நான்காவது யார் என்பதே என் பயம். என் மகளின் மகளுக்கு அப்போது இறக்காமம் என்ற ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். இது இரத்தத்தில் வருகிற வருத்தம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தால் சம்பந்தம் நிலைக்காது. உண்மையாகவே இரத்தத்தில் வருவதென்றால், சம்பந்தம் நிலைத்தும் பிள்ளைக்கு என்ன பயன்?

டொக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் மகளைவிட இளையவர். நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்று அறிந்ததிலிருந்து என்னை 'சேர்' என்றே அழைத்தார். முதலில் ஐந்தாவது துண்டைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டு துண்டு ஒரு போத்தலுக்குள்ள போட்டது சேர். போத்தல்தான் நாலு."

"இதில துண்டு எண்டுதானே எழுதியிரிக்கி?"

"எழுதினவர் போத்தல எண்ணியிருக்கார். கிள்ளினது நான். அஞ்சுதான்."

கென்சர் இல்லை என்றார். ஆனால் இரைப்பையில் ஒரு கிருமி பல வருடங்களாகக் குடியிருக்கிறது. அதனால் ஓயாத அழற்சி. உள்தோல் சில இடங்களில் குடலின் தோலைப் போல மாறியிருக்கிறது. அந்த மாற்றம் காலப்போக்கில் கென்சராகவும் ஆகலாம், ஆகாமலும் விடலாம்.

"இது எங்கட வம்சத்தில உள்ளதா?" என்று கேட்டேன்.

"மரபணுவ ஒரு புத்தகம் எண்டு வைங்க சேர். உங்கட புத்தகத்தில எழுத்து பிழைச்சிருக்கெண்டு நான் சொல்லல்ல. அழற்சி கனகாலம் கிடந்தா சில பக்கங்கள் ஒண்டோடொண்டு ஒட்டிப் போகும். எழுத்து உள்ளுக்க அப்படியே இருக்கும், வாசிக்க ஏலாது. உடம்புக் கலங்கள் கண்டபடி பெருகாம மறிக்கிற பக்கங்களும் அதுக்குள்ள அம்பிட்டா, அதுதான் ஆபத்து."

"எனக்கு எத்தின பக்கம் ஒட்டியிரிக்கி?"

"அது எண்ண ஏலாது சேர். அதுக்கான சோதனை இஞ்ச இல்ல."

எண்ண முடியாது என்று சொல்பவர்களை நான் எளிதில் நம்புவதில்லை.

"மருந்து குடிச்சா ஒட்டினது பிரியுமா?"

"கிருமி போனா சிலது பிரியும். சிலது பிரியாது. அதாலதான் மருந்து முடிஞ்ச பிறகும் இடைக்கிடை கமரா விட்டுப் பாக்க வேணும் எண்டு சொல்றன்."

பேத்தியைப் பற்றிக் கேட்டேன். என் இரைப்பையில் ஒட்டிய பக்கங்கள் பிள்ளைகளுக்கு இறங்காது என்றார். இந்தக் கென்சரில் குடும்ப வழியாக வருகிற வகையும் உண்டு, அது அரிது, நான் கொண்டுபோயிருந்த காக்காவின் அறிக்கைகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்றார். "ஆனா கிருமி தொத்தும் சேர். வீட்டில எல்லாரையும் சோதிச்சுப் பாருங்க. உப்புக் கருவாட்டையும் குறைங்க." அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. தொத்தும் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எங்கள் ஊர்களில் விருந்தென்றால் சஹன். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியை வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவது. காக்காவும் நானும் எந்த விருந்திலும் ஒரே சஹனில்தான் இருப்போம். இருவருக்கும் ஒரே கிருமி என்றால், எங்களோடு இருந்த நாலு பேரில் ஒருவன்தான் கொடுத்திருக்க வேண்டும். படுத்திருந்தபடி ஒவ்வொரு கலியாணமாக நினைத்துப் பார்த்தேன். விரலைச் சூப்பிவிட்டு மறுபடி சோற்றில் வைத்த ஒரு புடைவைக் கடைக்காரர். கடித்த இறைச்சியைத் திரும்பத் தட்டில் போட்ட இன்னொருவர். மௌத்தாகி மண்ணுக்குப் போனவர்களையும் நான் விடவில்லை.

வீட்டில் எனக்கென்று ஒரு பீங்கான் தட்டையும் ஒரு கிளாசையும் ஒதுக்கி வைத்தேன். "கிளாசுக்குக் காவல் போடுங்க, கள்ளன் வருவான்" என்று மனைவி சொன்னாள். வருத்தத்தை அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். பேத்தியைச் சோதிக்க நான் சம்மதிக்கவில்லை. முடிவு வீட்டுக்கு வருமுன் பெயர் சந்தைக்குப் போய்விடும்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஏழு ஆண்கள், நான்கு மண்முட்டிகளில் எருமைத் தயிர். என் மருமகன் கட்டாரில் இருப்பதால் வீட்டுக்குப் பெரிய மனிதனாக நான்தான் அவர்களை வரவேற்றேன். மாப்பிள்ளையின் வாப்பா வயற்காரர், என்னைவிட இருபது வயது இளையவர், என்னை மாஸ்டர் என்றே கூப்பிட்டார். தேநீர் குடித்தோம். மழை, குளத்துத் தண்ணீர், யானை எல்லாம் பேசினோம். பிறகு பாய் விரித்து சஹன் வைத்தார்கள். அவர் கையைக் கழுவிவிட்டு, தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

அவர் ஒரு முறை இருமியதை அப்போதுதான் கவனித்தேன்.

"நீங்க சாப்பிடுங்க தம்பி. எனக்கு வேறயா ஒரு பீங்கான்ல..." என்று இழுத்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து மனைவி நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தாள். "அவரு இண்டைக்கு நோன்பு."

"நோன்பா?" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா. "இப்பதானே என்னோட பிளேண்டி குடிச்சாரு?"

"மறந்து குடிச்சா நோன்பு முறியாது மச்சான்" என்றார் அவரோடு வந்தவர்களில் ஒருவர்.

"ரெண்டு கப்பும் மறந்தா?"

எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், எங்கட புள்ள இந்த ஊட்டுக்குத்தான் வந்து இரிக்கப் போறான். எங்களோட ஒரு சஹன்ல கை வைக்க மனமில்லாட்டி இப்பவே சொல்லுங்க. தயிர் முட்டிய விட்டுட்டுப் போறம், பாதகமில்ல."

அவர் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பான். அந்த வீட்டுப் பானையில்தான் சாப்பிடுவான். அவமதித்தேன் என்று நினைத்தால் சம்பந்தம் இன்றைக்கே முறியும், வருத்தத்தைச் சொன்னால் நாளைக்கு முறியும் என்று தோன்றியது. நாளை என்பது ஒரு நாள் அதிகம். சொன்னேன். வாப்பா, காக்கா, கிருமி, ஒட்டிய பக்கங்கள் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்கட பேத்திக்கு இந்தக் கிருமி இரிக்கா?"

"சோதிக்கல்ல."

"ஏன்?"

"ஊர் கதைக்கும்."

அவர் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்தார். "எனக்கு இதில எரியத் தொடங்கிக் கன வருசம். வயல்ல நேரத்துக்குச் சோறில்லாததால எண்டு நினைச்சிட்டிரிக்கன்." பிறகு மற்றவர்களோடு சாப்பிட்டார். எழுந்து போகும்போது ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் வாப்பாவிடமிருந்து போன் வந்தது. அந்த டொக்டரிடம் தன்னையும் கூட்டிப் போகச் சொன்னார். "பேத்தியையும் கூட்டிட்டு வாங்க, எல்லாம் ஒரே பயணமாப் போகும்" என்றார். இவர் எரிவுக்காக வரவில்லை, பேத்தியின் சோதனை முடிவை டொக்டர் வாயாலேயே கேட்க வருகிறார் என்று எனக்குப் பட்டது. மறுத்துவிடலாம் என்று பேத்தியிடம் சொன்னேன்.

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது என்ட வயிறு மூத்தாப்பா. அவங்களுக்காகவும் இல்ல, உங்களுக்காகவும் இல்ல. நான் போறன்."

டொக்டரிடம் முதலில் நான் சஹனைப் பற்றித்தான் கேட்டேன். மாப்பிள்ளையின் வாப்பா பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"பெரிய ஆக்கள் ஒரு தரம் சேந்து சாப்பிட்டதால வந்ததெண்டு சொல்ல ஏலாது சேர். கூடுதலா இது சின்ன வயசுலயே, வீட்டுக்குள்ளதான் வாறது. உங்களுக்கும் காக்காக்கும் நடக்கப் பழகின காலத்திலயே வந்திருக்கும்."

ஆக, புடைவைக் கடைக்காரர் இல்லை. கடித்த இறைச்சியைப் போட்டவரும் இல்லை. எங்கள் வீடு, எங்கள் உம்மா ஊட்டிய கை, நானும் காக்காவும் மாறி மாறிக் குடித்த ஒரு மூக்குப்பேணி. இதில் யாரைப் பிடித்து விசாரிப்பது?

"அப்ப அண்டைக்கு எனக்குப் பயந்தது வீண்" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

சோதனையில் அவருக்கும் கிருமி இருந்தது, பேத்திக்கும் இருந்தது. எனக்குத் தந்த அதே மருந்தை இருவருக்கும் எழுதினார்கள். பேத்திக்கு இளம் வயது, உள்தோல் கெடுமுன் கிருமியை விரட்டுவதுதான் நல்லது, பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை என்பதை இரண்டு முறை சொன்னார். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"மருந்து முடியட்டும் மாஸ்டர். மறுபடி சோதிச்சிட்டு நாள் குறிப்பம்" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

"குறிப்பீங்களா, இல்லாட்டி யோசிச்சுச் சொல்லுவீங்களா?"

"நீங்க டொக்டரையே நம்புறல்ல. என்னைய எங்க நம்பப் போறீங்க?"

மருந்து குடித்து முடிந்து மறுபடி சோதித்தபோது எங்கள் மூவருக்கும் கிருமி இல்லை என்று வந்தது. எனக்கு மட்டும் அடுத்த வருடம் மீண்டும் கமரா. எந்தப் பக்கம் பிரிந்தது, எது பிரியவில்லை என்று அப்போதும் யாரும் சொல்லப் போவதில்லை. அன்று மாலையே இறக்காமத்திலிருந்து போன் வந்தது. நிக்காஹ்வுக்கு நாள் வைப்போம் என்றார் மாப்பிள்ளையின் வாப்பா. மனைவி பக்கத்தில் நின்று சம்மதம் சொல்லும்படி சைகை காட்டினாள்.

"தம்பி, உங்களுக்கு இருந்த கிருமி உங்கட ஊட்டிலயும் தொத்தியிரிக்கும். மகனைச் சோதிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பொடியன் சுகமாத்தான் இரிக்கான் மாஸ்டர்" என்றார்.

"நானும் சுகமாத்தான் இருந்தன். உங்கட புள்ள இந்த ஊட்டுக்குத்தான் வந்து இரிக்கப் போறான்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் போனை வைப்பார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. டொக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்.