வாயில் பறி, காதில் கதை

பழவேற்காடு கிளை நூலகத்தில் நான் எடுத்துப்போய்த் திருப்பிய புத்தகம் எது என்று கண்டுபிடிப்பது சுலபம். மோந்து பார்த்தால் போதும்.

இறால் வாடை. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் விரலை விட்டுப் போகாது. பக்கம் புரட்டப் புரட்டப் புத்தகத்துக்கும் ஏறிவிடும். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வரும் நூலகர் சார் அதை மூக்கருகே கொண்டுபோய், "இன்னாம்மா, இதையும் ஏரில குளிப்பாட்டிக்கினு வந்தியா?" என்பார். திட்டமாட்டார். அடுத்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லுவார்.

இன்று சாயங்காலம் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது அவர் ஞாபகம் வந்தது. கால் இரண்டும் விட்டுப்போகிற வலி... இருந்தாலும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்போது பிளஸ் டூ முடித்திருந்தேன். மேலே படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. அம்மாவோடு ஏரியில் இறால் தடவ இறங்கிவிட்டேன். எங்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஆழமில்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்துகொண்டே கையால் சேற்றைத் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். அதனால் பிடித்ததைப் போடுகிற பறியை, பனையோலையில் பின்னிய கூடை அது, பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தண்ணீருக்குள் யாரும் பேச முடியாது. கரையில் ஊர் வம்பு அத்தனையும் பேசுகிற பெண்கள், இறங்கிவிட்டால் மணிக்கணக்காக வாயடைத்துக் கிடப்பார்கள். பாவம்.

ஒருநாள் எங்களோடு இறங்குகிற கன்னியம்மா அத்தைதான் சொன்னார். "நீதான் எந்நேரமும் பொஸ்தகமும் கையுமா கீறியே. பறிய இடுப்புல கட்டிக்கினு எங்களுக்குக் கதை சொல்லு. உனுக்கு இறாலு கொறஞ்சா ஆளுக்கு ஒரு புடி போட்டுடறோம்."

அப்படி ஆரம்பித்தது. இரவு படித்ததைக் காலையில் தண்ணீரில் சொல்வேன். கைக்கு எது அகப்பட்டாலும் எடுத்துவருவேன்... துப்பறியும் கதை, ராஜா கதை, நாட்டுக்கோழி வளர்ப்பு. ஒரு சமையல் புத்தகத்தில் நல்ல இறாலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. அதைச் சொன்னபோது எல்லோரும் மூக்காலேயே சிரித்தார்கள்.

பனி நாட்டுக்குப் போய்வந்த ஒருவர் எழுதிய புத்தகத்தில், ஏரி கல்லாக உறைந்து அதன்மேல் லாரி ஓடும். அன்றைக்குக் கரையேறியதும் அத்தை கேட்டது: "அப்போ அடியில கீற இறாலு இன்னா பண்ணும்?"

புத்தகத்தில் அது இல்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

கதை பிடித்தால் "ம்ம்". புரியாவிட்டால் இழுத்து "ம்ம்ம்?" அவ்வளவுதான். அப்படிக் கேட்கிறவர்கள் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவும் எங்களோடுதான் இறங்குவாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். அம்மா அன்று அழுததோடு சரி. பிறகு பறியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அம்மாவுக்கு இடப்பக்கம் சின்னம்மா தடவுகிற இடம் மட்டும் காலியாகவே கிடக்கும். யாரும் அங்கே நகர மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு குண்டு நாவல் எடுத்திருந்தேன். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிற ஒரு பெண்ணின் கதை. வாயாடி, யாருக்கும் பயப்படாதவள். அம்மாவின் "ம்ம்" எல்லாம் அவளுக்குத்தான் விழும்.

கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. நான் முதல்நாளே முடித்திருந்தேன். அவள் பிழைக்கமாட்டாள் என்று தெரியும். எழுதியிருப்பதைத்தானே சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன்... உடம்பு கொதிக்கிறது, கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை...

அம்மா வாயைத் திறந்துவிட்டாள்.

பறி தண்ணீரில் சாய்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் துள்ளிக்கொண்டு போனது. அன்றைக்கு எங்கள் வீட்டு உலை அந்தப் பறியை நம்பித்தான். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவள சாவடிக்காதடி" என்றாள்.



"இல்லமா, காய்ச்சல் வுட்டுடுச்சி. எழுந்து கஞ்சி கேட்டா."

"குட்ச்சாளா?"

"குட்ச்சா."

அம்மா பறியை எட்டிப் பிடித்து மறுபடியும் கடித்துக்கொண்டாள். கரையேறியபோது கன்னியம்மா அத்தையும் மற்றவர்களும் ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். அன்றைக்கு எனக்கு இல்லை, அம்மாவின் பறியில்.

புத்தகத்தைத் திருப்பியபோது நூலகர் சார் வழக்கம்போல மோந்து பார்த்தார். "முடிவு மனசுக்குக் கஷ்டமா இருந்திருக்குமே" என்றார்.

"இல்ல சார், பொழச்சிக்கினா."

"சரி... நல்லதாப் போச்சு" என்று முத்திரை குத்தினார்.

இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. பொன்னேரியிலிருந்து தினமும் ரயில். பையில் ஒரு புத்தகம் எப்போதும் கிடக்கிறது. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடுகிறது. அலுத்துப்போய் போனில் கதை கேட்க ஆரம்பித்தேன். நல்ல குரல். எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் கிடைக்கிறது. வாடை எதுவும் இல்லை.

அம்மாவுக்கு முட்டி போய்விட்டது, தண்ணீரில் இறங்குவதில்லை. அவளுக்கும் ஒருநாள் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்சநேரம் "ம்ம்" போட்டாள். பிறகு, "நான் ம்ம்னு சொல்றது இதுக்குக் கேக்குதா?" என்றாள். கேட்காது என்றேன். கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

இன்றைக்கு ரயிலில் கேட்டுக்கொண்டு வந்த கதையில் ஒருத்திக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "சாவடிக்காத" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

காதில் இருந்த குரல் அது பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனது.