டீமேக்கர் ஜோர்ஜின் வெள்ளை நாக்கு

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் ஜோர்ஜ் டீமேக்கர். அன்றன்றைய தூளை ஊற வைத்து, உறிஞ்சி, துப்பி, நல்லது கெட்டது சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்த நாக்கை நம்பித்தான் துரையே கையெழுத்துப் போடுவார். அதே நாக்கு வழியாக இருபது வருடம் சாராயமும் இறங்கியதில், தொண்ணூற்றாறில் ஈரல் சுருங்கி, வயிறு வீங்கி, சாகக் கிடந்து பிழைத்தார். அன்றோடு குடியை விட்டார். விட்டதை அவர் மனைவி டோரீன் மட்டும் நம்பவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அவளிடம் வாயைத் திறந்து ஊதிக் காட்டினால்தான் சோறு.

தொண்ணூற்றெட்டு ஆடி மழையில் நெஞ்சுச்சளி பிடித்து, இரண்டு வாரம் மாத்திரை விழுங்கினார். சளி போனது, கூடவே ருசியும் போனது. எந்தத் தேயிலையை உறிஞ்சினாலும் நனைந்த சாக்கைச் சப்பியது போலிருந்தது. மூன்று நாள் தூளைச் சரியில்லை என்று ஒதுக்கிவிட்டார். துரைக்குத் தலை சுற்றியது.

அன்று மாலை ஊதச் சொன்ன டோரீன் அலறிவிட்டாள். நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தயிரை அப்பியது போல வெள்ளை.

"பால்மா டின்னுல கைய வச்சீங்களா? அதான் கொறஞ்சுக்கிட்டே வருதா!"

"மாதா சத்தியமா இல்ல டோரீன்."

கரண்டிக் காம்பால் சுரண்டிப் பார்த்தாள். வெள்ளை உரிந்த இடத்தில் ரத்தம் துளிர்த்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் செந்தூரன் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குப் பங்கஸ்தான் பிரச்சினை," என்றார்.

"பங்கஜமா?" டோரீன் எழுந்தே விட்டாள். "மேக்கணக்குப் பங்கஜமா? டிக்கோயா வரைக்குமா தெரிஞ்சிருக்கு?"

ஜோர்ஜுக்கு வேர்த்துக் கொட்டியது. பத்து வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் கொழுந்து பறிக்கும் பங்கஜத்தைத் தன் குடைக்குள் கூட்டி வந்ததைத் தவிர அவர் ஒரு பாவமும் அறியார்.

"பங்கஸ் அம்மா, பங்கஸ்! காளான் சாதிக் கிருமி. ஈரல் பழுதான ஆக்களுக்கு நோயை எதிர்க்கிற பலம் குறைவு. சளிக்குக் குடிச்ச குளிசை நல்ல கிருமியளையும் கொண்டுபோட்டுது. அந்த இடத்திலை இது முளைச்சிட்டுது."

"காளானா? போன வாரம் நாந்தானே கறி வச்சேன்!" டோரீன் அழத் தொடங்கினாள்.

கறியில் குற்றமில்லை என்று தேற்ற டொக்டருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஜோர்ஜிடம், "விழுங்கேக்கை நெஞ்சுக்குள்ளை நோகுதோ?" என்றார்.

வார்டில் படுக்க வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஜோர்ஜ் இல்லையென்று தலையாட்டினார்.

"பொய் சொல்றாரு டொக்டர். நாலு நாளா சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு நாய்க்குப் போடுறாரு. ஊதுறப்ப மட்டுந்தான் உண்மை பேசுவாரு."

"அப்ப உள்ளுக்கும் இறங்கியிருக்கு. குளிசை இருக்கு. ஆனா அது ஈரலையும் தொடும். ரத்தம் சோதிச்சுச் சோதிச்சுத்தான் தரவேணும். வார்டிலை நில்லுங்கோ."

வாயில் காளான் முளைத்த மனுஷர் என்று வார்டு முழுக்கப் பேச்சாகி, பக்கத்துக் கட்டில்காரர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் பழைய குடிக்கூட்டாளி தம்பிஐயா வந்தார், சோடாப் போத்தலில் சாராயத்தோடு.

"கிருமிக்கு இதவிட மருந்து ஏதுடா? விழுங்காத. கொப்பளிச்சுத் துப்பிரு."

ஜோர்ஜ் போத்தலை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"நாக்கு செத்துக் கெடக்குடா. எதை ஊத்துனாலும் சாக்குத் தண்ணிதான். ருசி தெரியாம குடிக்கிறதுக்கு நான் என்ன பைத்தியமா?"

நியாயம்தான் என்று தம்பிஐயாவும் ஒப்புக்கொண்டு, வாசலைத் தாண்டியதும் மருந்தைத் தானே கொப்பளித்தார். துப்பவில்லை.

எட்டாம் நாள் காலை, வார்டுத் தேத்தண்ணியை ஒரு மிடறு உறிஞ்சிய ஜோர்ஜ் முகத்தைச் சுளித்தார். "கொழுந்து சரியா வாடல. அடுப்புலயும் சூடு கூட." டோரீன் சிலுவை போட்டுக்கொண்டாள். மனுஷர் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார், இனிப் பயமில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "பங்கஸ் போயிட்டுது. ஈரல் அப்பிடியேதான் கிடக்கு. வெளிநாட்டிலை எண்டா வேறை ஈரல் மாத்தி வைப்பினம். இங்கை இன்னும் இல்லை."

"வேற ஆளோட ஈரலா? அவனும் குடிகாரனா இருந்துட்டா?"

"அப்பிடிப்பட்ட ஈரலை எடுக்கமாட்டினம் ஐயா."

"அப்ப என்னோடத ஒருத்தனும் கேக்கமாட்டான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"யாரும் கேக்க வேணாம். எனக்கு வேணும்," என்றாள் டோரீன். "வாங்க, பஸ்ஸு போயிரும்."

அந்த ஈரலோடு இன்னும் ஆறு வருடம் ஜோர்ஜ் தேயிலை உறிஞ்சித் துப்பினார்.